சுவாமிமலையும் அயலூர்களும்

எங்கள் கிண்ணியாவுக்கு மேற்கே வயல்வெளிகளைத் தாண்டினால் தம்பலகாமம். அதற்கும் அப்பால் நிற்கும் சிறுகுன்றே சுவாமிமலை. கழனிமலை என்றும் வழங்குவர்.

1624இல் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் அவர்களது கோட்டைக்குச் சுவராயின. அடியார் காத்த திருவுருவம் இம்மலையில் மறைந்திருந்து, பின்னர் தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலில் அமர்ந்தது என்பது வழிவழிச் செய்தி.

மலையின் அயலில் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள். கிண்ணியாப் பக்கம் ஆலங்கேணி, ஈச்சந்தீவு, குறிஞ்சாக்கேணி. ஆலும் ஈச்சையும் குறிஞ்சாவும் ஊர்ப்பெயர்களில் இன்றும் தழைக்கின்றன.

கோட்டைக் கல்லைக் கண்ணால் காணலாம். மலையின் கதையோ முதியோர் நாவில் வாழ்வது. போர்க்கால இடப்பெயர்வுகள் அந்த நாவுகளைத் திசைதோறும் சிதறடித்தன. எஞ்சியோரிடம் கேட்டு எழுதிவைப்பதே நம் கடன் என்பேன்.