கச்சானும் கோழியும் சயாம் குழம்பும்

வரலாறு கற்பிக்கும் ஒருவன் அரசர்களையும் போர்களையும் விட்டு அடுப்படிக்குள் ஏன் நுழைந்தான் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டில் எழுந்த ஒரு வழக்கே அதற்குக் காரணம். வாதி என் தாயார்; எண்பது வயதைக் கடந்தவர். பிரதிவாதி என் மகள். கொழும்பில் தொழில் பார்ப்பவள், விடுமுறைக்குத் தெல்தெனிய வந்திருந்தாள். நீதிபதியின் ஆசனத்தில் என்னை இருத்தினார்கள். அது நான் விரும்பி ஏறிய ஆசனம் அன்று.

மகள் அன்று செய்ய முற்பட்டது, கச்சானை உடைத்துக் கோழி இறைச்சியின்மேல் அப்பிப் பொரித்து, தாய்லாந்து முறையைத் தழுவிய ஒரு குழம்பைத் தொட்டுக்கொள்ளத் தரும் பண்டம். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். “கோழி நம்மளுது, கச்சான் நம்மளுது, மிளகாய் நம்மளுது. இதை எல்லாம் கொண்டுபோய் யாரோ ஊர்க் குழம்புல முக்கணுமா?” என்றார். “அப்பாயி, ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க” என்றாள் மகள். அப்பாயி சாப்பிடவில்லை. “உங்க அப்பாவையே கேளு, அவன்தானே சரித்திரம் படிச்சவன்” என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

தீர்ப்புக்கு முன் பண்டத்தின் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார் அதற்காகவே காத்திருப்பார்கள் என்பதை அறிவேன். எலும்பு நீக்கிய இறைச்சியை விரலளவு தடிப்புக்கு மேற்படாமல் தட்டையாக வெட்டுதல் வேண்டும். தடித்த துண்டாயின் உள்ளே வேகுமுன் வெளியே கச்சான் கருகிவிடும். உப்பு, மிளகுத் தூள், தேசிக்காய்ச் சாறு, சிங்களத்தில் சேர என வழங்கும் எலுமிச்சம்புல்லின் அடித்தண்டை நசுக்கிய சாறு ஆகியவற்றில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். பின்பு அரிசி மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, உடைத்த கச்சானில் அழுத்தி எடுக்க வேண்டும். கச்சானை உரலில் இட்டு நொறுக்கலாமே அன்றி அரைத்தல் ஆகாது. அரைத்தால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். அப்பிய துண்டுகளைக் கால் மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மேலோடு இறுகி, எண்ணெயில் உதிராது. எண்ணெய் புகையக் கூடாது. ஒரு கச்சான் துணுக்கை இட்டால் அது நிதானமாக நுரைத்து மேலெழும் சூடே போதுமானது. பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடத்தில் பொன்னிறமாகும். கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் இக்காலத்தில் பாடசாலைகளிற்கூட இருக்கிறார்கள். விருந்தினருக்குப் பரிமாறுமுன் கேட்டுவிடுவது கடமை.

குழம்பு இன்னும் எளிது. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உள்ளி, அரத்தை, எலுமிச்சம்புல் ஆகியவற்றை அம்மியில் அரைத்து, தேங்காய்ப்பாலின் தலைப்பாலில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, வறுத்தரைத்த கச்சானும் புளிக்கரைசலும் கித்துள் பனங்கட்டியும் சேர்த்துத் தடிக்கவிட வேண்டும். தாய்லாந்தில் மீனை உப்பிட்டு நொதிக்கவைத்து வடித்த நீரைச் சேர்ப்பார்கள். என் மகள் அதற்குப் பதிலாக ஒரு சிட்டிகை மாசிக்கருவாட்டுத் தூளைத் தூவினாள். இதுதான் செய்தி. இனி வழக்கு.

முதலாவது, கோழி. நம் தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழி நக்கிள்ஸ் மலைக் காடுகளில் கூவுவதைத் தெல்தெனிய மக்கள் பலரும் கேட்டிருப்பார்கள். ஆயினும் நம் கூட்டிலுள்ள நாட்டுக்கோழிக்கு மூதாதை அதுவன்று. தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழியே. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, வீட்டுக்கோழியினுடையவை என உறுதியாகக் கொள்ளத்தக்க எலும்புகளுள் மிகப் பழையவை தாய்லாந்தின் நடுப்பகுதியிலுள்ள பான் நொன் வாட் என்னுமிடத்தில் கிடைத்தவை என்று முடிவு கூறிற்று. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினையும் விளைந்த வயலோரங்களில் சிந்திய தானியமே காட்டுப் பறவையை மனிதனுடைய முற்றத்துக்கு அழைத்து வந்தது என்பது அவ்வாய்வாளர் கருத்து. அம்மா எந்த நாட்டுக் குழம்பை விலக்கினாரோ, அந்த நாட்டிலேதான் கோழியின் மிகப் பழைய தடயம் கிடைத்திருக்கின்றது.

இரண்டாவது, மிளகாய். இதைப் பற்றிச் சற்று விரித்துப் பேச விரும்புகிறேன். இதைக் காட்டிலும் சுவையான பாடம் என் வகுப்பறையில் வேறொன்றில்லை. கொலம்பஸ் 1492இல் கடல் கடக்குமுன் மிளகாய் அமெரிக்காவுக்கு வெளியே எங்கும் இல்லை. நம் முன்னோர் காரத்துக்கு மிளகையும் இஞ்சியையும் திப்பிலியையுமே நம்பியிருந்தனர். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்கள் கப்பல்கள் சென்ற வழியெல்லாம் பதினாறாம் நூற்றாண்டில் மிளகாயும் பரவிற்று. புதிய காய்க்குப் பெயர் வேண்டுமே! தமிழன் தான் அறிந்த மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றான். சிங்களவரும் இதையே செய்தனர். மிரிஸ் என்ற மிளகின் பெயரை வந்தவனுக்குக் கொடுத்துவிட்டு, பழைய மிளகைக் கம்மிரிஸ், அதாவது ஊர் மிரிஸ், என்று ஒதுக்கினர். தாய்லாந்து மொழியில் பிரிக் என்பது மிளகைக் குறித்த சொல். மிளகாய் அச்சொல்லைப் பறித்துக்கொண்டது. மிளகு பிரிக் தாய், அதாவது தாய் மிளகு, ஆயிற்று. மலையாளக் கரையைத் தாயகமாகக் கொண்ட கொடிக்கு அங்கே தாய் நாட்டுப் பெயர்! ஒருவரையொருவர் கேளாமல் மூன்று மொழியினரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றனர். ஆக, அம்மா “நம்மளுது” என்ற மிளகாய், கண்டி மன்னர்களின் முன்னோர் கண்டிராத காய்.

கச்சானின் கதையும் இவ்வாறே. தென்னமெரிக்க மண்ணில் பிறந்து, இஸ்பானியர் கப்பலில் மணிலாவை அடைந்து கிழக்காசியாவில் பரவிய பயிர் அது. தமிழகத்தார் அதை மணிலாக்கொட்டை என்று அழைத்ததில் அந்த வழியின் சுவடு இன்றும் இருக்கின்றது. கச்சானுக்குப் பதிலாகக் கஜுவை உடைத்துப் பயன்படுத்தலாம், சுவை கூடும், பணமும் கூடும். கஜுவாகிய மரமுந்திரிகையும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொணர்ந்ததே. வேடிக்கை என்னவெனில், சிங்களத்தில் கச்சானுக்கு ரட்டகஜு என்று பெயர். வெளிநாட்டுக் கஜு என்பது பொருள். முதலில் வந்து குடியேறிய அந்நியன், பின்னால் வந்தவனை அந்நியன் என்கிறான். தாய்லாந்தாரோ கஜுவை இமவந்தக் காட்டு மாங்காய் என்று புராணப் பெயரிட்டுத் தம் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டனர். முட்டையில் தோய்த்துத் தூளில் புரட்டிப் பொரிக்கும் முறை ஐரோப்பியர் வழி வந்தது. ரஸ்குத் தூளில் புரட்டிய கட்லட்டை நம் தேநீர்க் கடைகள் எப்போதோ தமதாக்கிக்கொண்டன. கச்சான் குழம்பும் சயாமியருக்குச் சொந்தச் சொத்தன்று. ஜாவா, மலாய் நாடுகளின் சத்தே என்னும் கம்பியில் சுட்ட இறைச்சியோடு அங்குச் சென்றது.

அப்படியாயின் சயாமுக்கும் நமக்கும் உறவே இல்லையா? உண்டு. அந்நாடு 1939இல் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய உறவு அது. தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் பேசுகின்றது. பாங்கொக் அரண்மனை அந்தணர் திருவெம்பாவையைத் தம் சடங்கில் ஓதிவந்ததும் நேயர்கள் கேள்விப்பட்டதே. சயாம் என்றவுடன் மலாயாத் தமிழர் நெஞ்சில் வேறொரு நினைவு எழும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியர் அமைத்த இரயில் பாதையில் மடிந்த பல்லாயிரம் தொழிலாளரின் நினைவு. அதை இங்கே விரிக்க நேரமில்லை.

கண்டியின் உறவு தனித்தன்மை வாய்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நாட்டில் முறையாக உபசம்பதா பெற்ற பிக்குமார் அருகிப்போயினர். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவராகிய கீர்த்தி சிறி இராசசிங்கன் சயாமின் அயுத்தியா நகருக்குத் தூது அனுப்பினார். ஒல்லாந்தர் கப்பல் தந்து உதவினர். 1753இல் உபாலி தேரர் தலைமையில் சயாமியப் பிக்குமார் திருகோணமலையில் இறங்கிக் கண்டியை அடைந்தனர். மல்வத்தை விகாரையில் உபசம்பதா நிகழ்ந்தது. சியம் நிகாய என்ற பெயர் அதனால் வந்ததே. தமிழகத்து அரச குலத்தவர் ஒருவர், சிங்கள நாட்டின் பௌத்தத்துக்காகச் சயாமின் கதவைத் தட்டினார் என்பதை என் மாணவருக்குச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். கதை அத்தோடு இனிமையாக முடியவில்லை. மன்னர் அந்நியர், திருநீறு பூசுபவர் என்று முணுமுணுத்த சிலர், 1760இல் அவரைக் கொன்று, அப்போது இங்கிருந்த சயாமிய இளவரசர் ஒருவரை அரியணையேற்றச் சதி செய்தனர். சதி வெளிப்பட்டது, இளவரசர் நாட்டினின்றும் அகற்றப்பட்டார். அந்நியரை விலக்க எண்ணியவர்கள் கண்டெடுத்த மாற்றாளும் அந்நியரே என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அத்தூதின் நோக்கம் சமயம், சமையல் அன்று. 1753இல் கண்டிக்குச் சயாம் குழம்பும் வந்தது என்று நான் சொன்னால், மறுநாள் கரும்பலகையின் முன் நிற்கும் தகுதியை இழப்பேன். என் மகளின் குழம்பு கொழும்பு உணவகங்கள் வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் வந்தது. ரம்பையும் எலுமிச்சம்புல்லும் தேங்காய்ப்பாலும் இரு நாட்டு அடுப்பிலும் முன்பே இருந்தமையால் அது வந்தவுடன் ஒட்டிக்கொண்டது.

இவற்றையெல்லாம் திண்ணையில் அமர்ந்து அம்மாவிடம் எடுத்துரைத்தேன். ஆசிரியத் தொழிலின் குற்றம் இது. ஒரு வாய் உணவுக்கு நாற்பது நிமிடப் பாடம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்ப நம்மளுதுன்னு என்னதான்டா இருக்கு?” என்றார்.

அக்கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நேயர்களே, பழைய தெல்தெனிய இன்று நீருக்கடியில் இருக்கின்றது. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் எழுந்த விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. அந்நீர் ஊரை மூடியபோது நான் பாடசாலைச் சிறுவன். கடைத்தெருவில் எந்தையாருக்கு ஒரு சிறு பலசரக்குக் கடை. செத்தல் மிளகாய்ச் சாக்கும் கச்சான் சாக்கும் வாசலில் நிற்கும். கடைக்குப் பின்னால் வீடு. புதிய இடத்துக்குப் பெயர்ந்தபோது அம்மா கதவு நிலையைக் கேட்கவில்லை, பெட்டகத்தைக் கேட்கவில்லை. அம்மியையும் குழவியையும் ஏற்றாமல் லொறியில் தாம் ஏறமாட்டேன் என்றார். மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் வற்றி, பழைய சுவர்களும் வழிபாட்டிடங்களின் சிதைவுகளும் தலைகாட்டும். அத்தகைய ஓராண்டில் அவரை அழைத்துச் சென்றேன். வெடித்த சேற்றின் நடுவே முழங்கால் உயரச் சுவரொன்றைக் காட்டி, “அடுப்பு அங்கே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மகளிடம் “நம்மளுது” என்று அவர் வாதாடியபோது எதைப் பற்றிப் பேசினார் என்பது, என் பாடத்தை முடித்த பின்னரே எனக்கு விளங்கிற்று. மெதமகாநுவரப் பக்கத்தில் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்ட கடைசிக் கண்டி மன்னரைப் பற்றி, அவர் வேலூரில் 1832இல் இறந்ததைப் பற்றி, ஆண்டுதோறும் உருக்கமாகப் பேசும் நான் என் வீட்டுத் திண்ணையை ஊன்றிப் பார்க்கவில்லை.

தீர்ப்பு எதுவும் நான் கூறவில்லை. அடுக்களையில் அம்மியின் ஓசை கேட்டது. மின்சார அரைப்பானில் அரைத்தால் கூழாகிறதென்று மகள் அந்த அம்மியைக் கழுவி எடுத்திருந்தாள். அம்மா எழுந்து போனார். குழவியைப் பிடிக்கும் முறை தவறென்று கையைத் திருத்தினார். சின்ன வெங்காயத்தைக் கடைசியில் வை என்றார். பொரித்த துண்டு தட்டில் வந்தபோது நுனியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டு வாயிலிட்டார். பின்னும் ஒரு துண்டு எடுத்தார்.

“காரம் போதாது” என்றார்.

மகள் மிளகாய்ப் போத்தலை நீட்டினாள். அம்மா தலையசைத்து மறுத்துவிட்டு, மேல்தட்டிலிருந்த மிளகு டப்பாவைச் சுட்டிக்காட்டினார்.