மூடியைத் திறந்தவர்கள்

2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் 'ஐவி பிரிட்ஜ்' செயலிகளை வெளியிட்டது. முந்தைய 'சாண்டி பிரிட்ஜ்' 32 நானோமீட்டர் நுட்பத்தில் அமைந்தது; இது 22. மின்செலவு குறைந்தது. ஆனால், விதித்த வேகத்தை மீறி ஓட்டிப் பார்த்தவர்கள் திகைத்தனர்: பழையதைவிடப் புதியது அதிகம் சூடேறியது.

சில்லு சுருங்கியதால் வெப்பம் சிறு பரப்பில் குவிந்தது ஒரு காரணம். மற்றொன்று மூடிக்கு அடியில் இருந்தது. சில்லையும் அதன் செப்பு மூடியையும் முன்பு உலோகப் பற்றாசு இணைத்தது. இப்போது வெறும் வெப்பப் பசை. விளிம்பில் இட்ட கருங்கோந்தும் மூடியைச் சற்றே தூக்கி நிறுத்தியது. மயிரிழை இடைவெளிதான், வெப்பம் கடக்கத் திணற அது போதும்.

ஆர்வலர்கள் சவர பிளேடால் அந்தக் கோந்தை அறுத்தனர். கை தவறினால் செயலி போயிற்று. தவறாவிட்டாலும் உத்தரவாதம் போயிற்று. பசையை வழித்துவிட்டு, அறை வெப்பத்திலும் உறையாத காலியக் கலவையைப் பூசினர். பல செயலிகளில் முழுச்சுமையின்போது 10 முதல் 20 பாகை செல்சியஸ் வரை தணிந்தது.

2014இல் 'டெவில்ஸ் கேன்யன்' செயலிகளுக்கு மேம்பட்ட பசை வந்தது. 2018 அக்டோபரில், 'கோர் ஐ9-9900கே'யுடன் பற்றாசே திரும்பியது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகள் அந்தக் குறையை நிரப்பியவை, வாங்கிய பொருளை இழக்கவும் துணிந்த தனி மனிதர்களின் கைகளே.