பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸை ஏன் மாற்ற வேண்டும்? சிறிய விமானங்களின் ஆயில், எரிபொருள் குழாய்கள்: ஒரு விளக்கம்

டெல்லி கிட்வாய் நகருக்குப் பக்கத்தில்தான் சப்தர்ஜங் விமான நிலையம். எதிரில் விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டிஜிசிஏ அலுவலகம். 1929-ல் செயல்படத் தொடங்கிய இந்த நிலையத்தில் பல ஆண்டுகள் டெல்லி ஃப்ளையிங் கிளப்பின் பயிற்சி விமானங்கள் பறந்தன. பாதுகாப்புக் காரணங்களுக்காக 2002-ல் அது நிறுத்தப்பட்டது.

இதுபோன்ற சிறிய விமானங்கள் பற்றி ஒரு பொதுவான எண்ணம் உண்டு: பறக்காமல் நின்றால் பாகங்கள் கெடாது. இன்ஜின் ஹோஸ்களுக்கு இது பொருந்தாது. சூடும் எண்ணெயும் பட்ட ரப்பர், விமானம் சும்மா நின்றாலும் இறுகிக்கொண்டே போகும்.

ஹோஸ் விட்டுப்போனால் என்ன ஆகும்?

பெரும்பாலான பயிற்சி விமானங்களுக்கு ஒரே இன்ஜின்தான். ஆயில் ஹோஸ் கிழிந்தால் சில நிமிடங்களிலேயே இன்ஜின் இறுகி நின்றுவிடலாம். எரிபொருள் ஹோஸ் கசிந்து, சூடான புகைக்குழாயில் பட்டால் தீ.

எப்போது மாற்ற வேண்டும்?

விமானத்துக்கு விமானம் மாறும். செஸ்னா 172-ல் நிறுவனம் பொருத்திய ரப்பர் ஹோஸ்களுக்கு 5 ஆண்டு, டெஃப்லான் ஹோஸ்களுக்கு 10 ஆண்டு, அல்லது இன்ஜின் ஓவர்ஹால். எது முதலில் வருகிறதோ அது. பைப்பர் விமானங்கள் பலவற்றின் ஆயில் கூலர் ஹோஸ்களுக்கு அமெரிக்காவின் எஃப்ஏஏ, 95-26-13 என்ற கட்டாய உத்தரவு போட்டிருக்கிறது: 8 ஆண்டு அல்லது 1,000 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். தீயைத் தாங்கும் 'டைப் டி' ரகம் போட்டால் விலக்கு.

சோதனையில் எதைப் பார்ப்பார்கள்?

* உரசல், வெடிப்பு, கொப்புளம், கசிவு. 100எல்எல் பெட்ரோல் கசிந்தால் நீலக் கறை தெரியும்.
* ஹோஸில் ஓடும் கோடு நேராக இருக்கிறதா? சுற்றியிருந்தால் ஹோஸ் முறுகியிருக்கிறது.
* டேக்கில் உள்ள தயாரிப்புத் தேதி.

ஆனால் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உட்குழாய் பிய்ந்து வழியை அடைக்கலாம். மேலே ஆரஞ்சு நிறத் தீக்காப்பு உறை இருந்தால் ஹோஸே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் தேதிக் கணக்கு.

மாற்றும்போது என்ன கவனம்?

ஹோஸை விறைப்பாக இழுத்துப் பொருத்தக் கூடாது. அழுத்தம் ஏறினால் நீளம் குறையும் என்பதால் 5 முதல் 8 சதவீதம் தளர்வு வேண்டும். ஒரு ஸ்பேனரால் ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டை இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஹோஸ் முறுகிவிடும். பழைய டெஃப்லான் ஹோஸ் வளைந்த வடிவிலேயே இறுகியிருக்கும். அதை நிமிர்த்தி மறுபடி பொருத்தினால் உள்ளே மடிந்து உடையலாம். கடைசியாக, இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, கசிவு பார்க்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே விமானம் பறக்கலாம்.

பயிற்சி மாணவர் என்ன செய்யலாம்?

ஹோஸ்களைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் லாக் புக்கில் இருக்க வேண்டும். விமானத்தின் மூக்குக்கு அடியில் புதிதாக எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால் கிளம்பாதீர்கள், முதலில் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.