ஏழாவது ஓட்டு

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் ஃபுட்பால், இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து 'கான்ஃபரன்ஸ்' அமைத்து தங்களுக்குள் மோதிக்கொள்ளும். புது உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது ஏறக்குறைய சம்பந்தம் பேசுகிற கதைதான். பையனின் குணத்தை யார் பார்க்கிறார்கள், சொத்து எவ்வளவு என்றுதானே முதல் கேள்வி? இங்கே சொத்து என்பது தொலைக்காட்சி.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2003ஆம் ஆண்டு. அட்லாண்டிக் கரையோர ஏசிசியில் அப்போது 9 பேர். பட்டத்துக்கான இறுதி ஆட்டம் நடத்த 12 பேர் வேண்டும் என்பது அன்றைய என்சிஏஏ விதி. தெற்கத்திய எஸ்இசி 1992இலேயே அதை நடத்திக் காசு பார்த்துவிட்டது. ஏசிசி கண்வைத்தது பிக் ஈஸ்ட் அமைப்பிலிருந்த மயாமி, பாஸ்டன் காலேஜ், சிரக்யூஸ் மூன்றின்மேல். மயாமி ஆட்டத்தில் கில்லாடி. மற்ற இரண்டும் வடக்கத்திய டிவி ரசிகர்களைக் கொண்டுவரும். ஆட்கள் நேரில் போய் வளாகங்களைச் சுற்றிப் பார்த்தும் வந்தாயிற்று.

சேர்க்க 7 ஓட்டு வேண்டும். டியூக்கும் வட கரோலினாவும் முடியாது என்றுவிட்டன. மிச்சம் சரியாக 7. அதில் ஒன்று வர்ஜீனியா பல்கலைக்கழகம்.

அதே மாநிலத்தில், பிளாக்ஸ்பர்க் என்ற சிற்றூரில், இன்னோர் அரசுப் பல்கலைக்கழகம் வர்ஜீனியா டெக். பிக் ஈஸ்ட் சிதறினால் அது நடுத்தெருவில் நிற்கும். ஆளுநர் மார்க் வார்னர் நெருக்கினார். பல்கலைக்கழகத் தலைவர் ஜான் காஸ்டீன், டெக் இல்லையென்றால் எங்கள் ஓட்டும் இல்லை என்று பிடிவாதமாக நின்றார். இத்தனைக்கும் இரண்டும் ஆடுகளத்தில் பரம வைரிகள்! இதில் வேடிக்கை, டெக் அந்த நேரத்தில் மற்ற பிக் ஈஸ்ட் கல்லூரிகளோடு சேர்ந்து ஏசிசிமேல் வழக்குப் போட்டிருந்தது. அழைப்பு வந்ததும் வழக்கிலிருந்து நைஸாகக் கழன்றுகொண்டது.

ஜூன் மாதம் அழைப்பு போனது மயாமிக்கும் டெக்குக்கும் மட்டும். பாஸ்டன் காலேஜை அக்டோபரில் கூப்பிட்டார்கள். அரசியல் தலையீடு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், மாநிலத்தின் வரிப்பணத்தில் வளர்ந்த ஒரு கல்லூரி தெருவுக்கு வருவதைத் தடுக்க ஆளுநர் வாயைத் திறக்காவிட்டால்தான் தப்பு.

2004இல், சேர்ந்த முதல் வருஷமே, டெக் ஏசிசி பட்டத்தைத் தட்டிச் சென்றது. எல்லாரும் ஆசைப்பட்டுக் கூப்பிட்ட மயாமி அடுத்த 20 பருவங்களில் ஒருமுறைகூட அதை வெல்லவில்லை. கடைசி நேரத்தில் கழற்றிவிடப்பட்ட சிரக்யூஸ் உள்ளே வர 2013 ஆயிற்று.