தாத்தாவின் பத்மினியில் பின்பக்கம் துருவா? பட்டி பூசும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2023 அக்டோபர் இறுதியில் மும்பையின் கறுப்பு-மஞ்சள் ப்ரீமியர் பத்மினி டாக்சிகள் சாலையிலிருந்து விடைபெற்றன. அந்த நகரில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டுகள். கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபரில். ஆனால் போனது டாக்சிகள் மட்டும்தான். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பத்மினிகளும் அம்பாசடர்களும் இன்னும் எத்தனையோ வீடுகளின் ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், "அதை எடுத்து ஓட்டினால் என்ன?" என்று பேரனுக்கோ பேத்திக்கோ தோன்றுவது இப்போது சகஜம்.

இதில் இன்ஜின் பெரிய தலைவலி இல்லை. கார்புரேட்டர் வைத்த எளிமையான இன்ஜின். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பாடி. அதிலும் பின்பக்கம்: டிக்கித் தரை, பின்சக்கர வளைவு, பம்பருக்குக் கீழே உள்ள தகடு. பட்டறையில் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சுடலாம் சார், வெளியே தெரியவே தெரியாது."

வெளியே தெரியாது என்பது உண்மை. பிரச்னையே அதுதான்.

வெறும் தோல் இல்லை, எலும்பு

லாரிக்கு இருப்பதுபோல பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனி சேஸி கிடையாது. தரை, கூரை, பக்கத் தகடுகள், டிக்கி எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங் ஆகி, அந்தக் கூடுதான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. இந்த அமைப்புக்கு மோனோகாக் என்று பெயர். ஜீப்பிலும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் கதை வேறு. அவற்றில் கீழே தனி சேஸி இருக்கிறது, பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே தகடு கொஞ்சம் அரித்தாலும் வண்டியின் முதுகெலும்பு தப்பிக்கும். பத்மினியில் தகடுதான் முதுகெலும்பு.

பத்மினி, அம்பாசடர் இரண்டிலும் பின் ஆக்சிலைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் பட்டை. அந்தப் பட்டையின் பின்முனை, டிக்கித் தரைக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவச் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் உள்ளுக்குள் அரித்துப்போனால், அவசரமாக பிரேக் போடும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ ஆக்சில் தன் இடத்தில் நிற்காது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. சைலன்சர் பைப் அதே தரைக்குக் கீழேதான் போகிறது. தரையில் ஓட்டை இருந்தால் புகை பின்சீட் வழியாக உள்ளே ஏறும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஏசி பொருத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் பழைய வண்டியில் இது விளையாட்டு விஷயமில்லை. பின்சீட்டுக்குப் புதிதாக சீட் பெல்ட் போடும் ஆசை இருந்தால் அதையும் யோசியுங்கள். போல்ட் எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பயன், அது பிடித்திருக்கும் தகடு அப்பளமாக இருந்தால்?

துரு ஏன் அங்கேயே பிடிக்கிறது?

பின்சக்கரம் அள்ளி வீசும் சேறு வளைவின் உள்மடிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த மடிப்பில் இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவே போன ஈரம் எளிதில் காயாது. டிக்கி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்தால் மழைத் தண்ணீர் நேராக டிக்கித் தரைக்கு வரும். தண்ணீர் வடியக் கம்பெனி விட்ட ஓட்டைகள் மண்ணால் அடைத்திருக்கும். மும்பை, சென்னை மாதிரி கடற்கரை ஊர் என்றால் உப்புக் காற்று வேலையை வேகப்படுத்தும். பல வருடம் ஓடாமல் நின்ற வண்டி நல்ல நிலையில்தான் இருக்கும் என்று நம்புவது தப்புக்கணக்கு. தார்ப்பாய்க்குள் சிக்கிய ஈரம், ஓடிய வண்டியைவிட நின்ற வண்டியைத்தான் அதிகம் தின்னும்.

துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயிண்டில் நாணயம் அளவு குமிழி தெரிந்தால், உள்பக்கம் உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வளைவின் மேல் நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு திடீரென்று தளரும் இடத்தில் கெட்டியாகப் பட்டி இருக்கிறது. பிறகு டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து, டார்ச் அடித்து மூலைகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்துங்கள். நல்ல தகடு 'டங்' என்று சத்தம் கொடுக்கும். கெட்டுப்போனது பொத்துக்கொள்ளும். வண்டி வாங்கப் போகும்போது விற்பவர் இதற்குத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

மேலே மட்டும் பொரிந்த துரு என்றால் தேய்த்து, துரு நீக்கி, பிரைமர் அடித்தால் போதும். ஓட்டை விழுந்துவிட்டாலோ, தகடு பாதி தடிமனுக்கு வந்துவிட்டாலோ வெட்டி மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதன் மேல் ஃபைபர் ஒட்டுவதும், பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ரிவெட் அடிப்பதும் ஈரத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வேலை.

தகடு எங்கே கிடைக்கும்?

பத்மினியின் மூலவடிவம், ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் 1964-ல் மும்பையின் குர்லாவில் தயாராகத் தொடங்கியது. கொல்கத்தா அருகே உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. கம்பெனி பெட்டியைப் பிரிக்காத பழைய ஸ்டாக் தகடு எங்காவது மாட்டினால் அது அதிர்ஷ்டம். மற்றபடி சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி, கொல்கத்தா மல்லிக் பஜார் மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைகள்தான். அங்கே வேறொரு வண்டியிலிருந்து வெட்டி எடுத்த பின்பாகம் கிடைக்கலாம். ஆனால் உங்கள் வண்டி துருப்பிடித்த அதே இடத்தில்தான் அதுவும் துருப்பிடித்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் துண்டைவிட, பெயிண்ட் சுரண்டிய துண்டை வாங்குவது மேல்.

மூன்றாவது வழி, நல்ல டிங்கர் ஒருவரிடம் தட்டிச் செய்யச் சொல்வது. நம் நாட்டில் இந்தக் கை இன்னும் உயிரோடு இருக்கிறது. டிக்கித் தரை மாதிரி கிட்டத்தட்ட தட்டையான பாகத்துக்கு இதுவே போதும். பின்பக்க வால்சிறகு, சக்கர வளைவு மாதிரி இரண்டு திசையில் வளையும் இடங்களுக்கு முடிந்தவரை அசல் தகடு தேடுங்கள். வெளித்தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட், அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், பொதுவாகச் சரியாக வரும். ஸ்பிரிங் மாட்டும் சட்டத்துக்கு அதைவிடக் கெட்டியான தகடு வேண்டும். கெட்டுப்போகாத இடத்தில் அசலை அளந்து, அதற்குக் குறையாமல் வாங்கச் சொல்லுங்கள். "துருவே பிடிக்காது" என்று துத்தநாகம் பூசிய ஷீட்டை யாராவது சொன்னால், வெல்டிங் செய்யும் இடத்தில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் வெல்டருக்குக் காய்ச்சல் வரும்.

வெட்டுவதற்கு முன்புதான் பாதி வேலை

அவசரக்காரர்கள் சறுக்குவது இந்த இடத்தில். கிரைண்டரை எடுப்பதற்கு முன் வண்டியைச் சமதளத்தில், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் நான்கு ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும். நடுத்தரையில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால், ஏற்கெனவே பலவீனமான கூடு வளையும். அந்த வளைவோடு வெல்டிங் செய்தால் வண்டி ஆயுசுக்கும் அப்படியேதான் இருக்கும். கதவு மூடாது, பின்கண்ணாடி ரப்பருக்குள் உட்காராது.

அடுத்தது அளவு. டிக்கித் திறப்பின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக டேப் பிடியுங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் இடையே. இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பிரிங் மாட்டும் புள்ளிகளையும் இதேபோல் இரண்டு பக்கமும் அளந்து எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவு இடைவெளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் கதவுத் திறப்பிலும் டிக்கிக்குள்ளும் குறுக்குக் கம்பிகளைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து கூட்டைப் பூட்ட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டத் தொடங்கும் பட்டறையை நான் என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முடிந்து, அளவு சரிபார்த்த பிறகே மறுபக்கம். வெட்டாத பக்கம்தான் உங்கள் அசல் மாதிரி. அதுவும் போய்விட்டால் யாரைப் பார்த்து அளப்பது? கம்பெனி வைத்த புள்ளி வெல்டிங்குகளை அதற்கான டிரில் பிட்டால் துளைத்துப் பிரித்தால், கீழே உள்ள நல்ல தகடு தப்பிக்கும். கண்ட இடத்தில் கிரைண்டர் ஓட்டினால் அதுவும் போகும்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி, வண்டியிலிருந்து தள்ளி வைப்பது கட்டாயம். காலி டேங்க் என்று விடக் கூடாது. மிச்சமிருக்கும் ஆவிதான் அதிகம் ஆபத்து. பேட்டரி இணைப்பு, பின்சீட் பஞ்சு, அடித்தரைத் தார் எல்லாவற்றையும் அகற்றி, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துவிட்டுத்தான் தீப்பொறி.

வெல்டிங்: பொறுமைக்குத்தான் கூலி

புதுத் தகட்டை முதலில் கிளாம்பு போட்டு மட்டும் நிறுத்துங்கள். அதோடு டிக்கி மூடி, பின்விளக்கு, பம்பர் எல்லாவற்றையும் மாட்டிப் பார்க்க வேண்டும். மூடி சரியாக உட்காரவில்லையா? இப்போது திருத்த அரை மணி நேரம். வெல்டிங் முடிந்தபின் என்றால் ஒரு வாரம்.

மெல்லிய தகட்டுக்கு மிக் வெல்டிங் பொருத்தம். பட்டறையில் சிஓடூ என்று சொல்வார்கள். கேஸ் வெல்டிங்கில் சூடு அகலமாகப் பரவி, தகடு அலை அலையாக நெளியும். அனுபவசாலி அதிலும் நன்றாகச் செய்வார்தான், ஆனால் அந்தக் கை எல்லோருக்கும் இல்லை. எதுவானாலும் ஒரே கோடாக இழுக்கக் கூடாது. இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. ஒன்று இங்கே, அடுத்தது தள்ளி, நடுவே ஆறவிட்டு, கடைசியில் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். வெளித்தகட்டில் விளிம்போடு விளிம்பு சேர்ப்பது நல்லது. ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் நடுவே மறுபடியும் ஈரம் தங்கும். கம்பெனி இரண்டு தகட்டைப் புள்ளி வெல்டிங்கால் சேர்த்த இடங்களில், மேல் தகட்டில் துளை போட்டு அதை நிரப்பும் ப்ளக் வெல்டிங் அதே பலத்தைக் கொடுக்கும். அந்த உள்பரப்பில் முன்கூட்டியே துத்தநாக பிரைமர் பூசியிருக்க வேண்டும், பிறகு அங்கே பிரஷ் போகாது.

இதற்குப் பிறகும் பட்டி வரும், வரலாம். தகட்டைத் தட்டிச் சமப்படுத்தி, எப்பாக்சி பிரைமர் அடித்த பிறகு, மெல்லிய பள்ளங்களுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். பட்டறையோடு பேசும்போதே ஒரு நிபந்தனை வையுங்கள்: வெல்டிங் முடிந்ததும், பட்டி போடுவதற்கு முன், வெறும் தகட்டை நேரில் பார்க்க வேண்டும். முழுப்பணத்தையும் அதற்கு முன் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள்

சேஸி எண் பொறித்த தகடு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் கிரைண்டர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டு தாண்டிய சொந்தக் காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியைக் காட்டியாக வேண்டும். 50 ஆண்டு தாண்டியிருந்தால், 2021-ல் வந்த மத்திய விதிப்படி 'விண்டேஜ்' பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் சேரும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் அந்த விதியில் உண்டு. அதே வடிவத்தில் துருவைச் சரிசெய்வது வேறு, வடிவத்தையே மாற்றுவது வேறு. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள் அந்த வித்தியாசத்தை அதிகாரியிடம் காட்ட உதவும்.

வண்டியை டெலிவரி எடுக்கும் முன் மூன்று வேலை. இணைப்புகளில் எல்லாம் சீலர் ஓடியிருக்கிறதா, பெட்டிச் சட்டங்களுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகுப் பூச்சு அடித்தார்களா என்று கேளுங்கள். வடிகால் ஓட்டைகளில் பெயிண்டோ சீலரோ அடைத்திருந்தால் குத்தித் திறக்கச் சொல்லுங்கள். கடைசியாக, மேட் விரிக்காமல் டிக்கியை மூடி, பத்து நிமிடம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தாலும் பீடிங்கை மாற்றிய பிறகுதான் வண்டி வீட்டுக்கு வர வேண்டும்.