மத்திய பட்ஜெட்: ஒரு ரூபாய் எங்கே போகிறது?

பிப்ரவரி 1ஆம் தேதி நிதியமைச்சர் பட்ஜெட்டை வாசித்து முடித்ததும், தங்கம் ஏறுமா, செல்போன் இறங்குமா என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. வாசுதேவநல்லூருக்கு டெல்லி வெகுதூரம்தான். ஆனாலும் ரேஷன் அரிசிக்கான மானியம், பேரூராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியம், நம் பிள்ளைகளின் உதவித்தொகை எல்லாம் அந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கின்றன.

2025-26க்கு மத்திய அரசு போட்ட செலவுத் திட்டம் 50.65 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கு இதில் சேராது. அதையும் சேர்த்து அரசு காட்டும் 'ஒரு ரூபாய்' கணக்கில் அந்தப் பங்கு 22 பைசா. பழைய கடனுக்கு வட்டி மட்டும் 20 பைசா! இந்த வட்டிக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே கிடையாது. கட்டியே ஆக வேண்டும். வரவிலோ 24 பைசா புதிய கடன். மத்திய அரசின் நேரடித் திட்டங்களுக்கு 16, மாநிலங்களோடு சேர்ந்து நடத்தும் திட்டங்களுக்கு 8, ராணுவத்துக்கு 8, நிதிக்குழு மானியம் முதலியவற்றுக்கு 8, உணவு, உரம் போன்ற மானியங்களுக்கு 6, ஓய்வூதியத்துக்கு 4, மீதி 8 பைசா இதர செலவு.

மாநிலப் பங்கைப் பிரிப்பது நிதிக்குழு. 15ஆவது நிதிக்குழு, பகிரும் வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கில்லை.

சிறுபான்மையினர் நலத்துறைக்கு அதே ஆண்டில் ஒதுக்கியது 3,350 கோடி. அதாவது மத்திய அரசு செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 7 பைசாவுக்கும் குறைவு.

ஒதுக்கீட்டை மட்டும் பார்த்து மகிழவும் கூடாது, கோபப்படவும் கூடாது. முந்தைய ஆண்டில் இத்துறைக்கு 3,183 கோடி என்று அறிவித்தார்கள்; திருத்திய மதிப்பீட்டில் அது 1,868 கோடியாகச் சுருங்கிவிட்டது. பள்ளி உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அது 2022இல் நின்றது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி இருக்கிறது என்பது அரசு சொன்ன காரணம். 9, 10ஆம் வகுப்புகளுக்கு மிஞ்சிய திட்டத்துக்கும் 2024-25இல் 326 கோடியாக இருந்த ஒதுக்கீடு, 2025-26இல் 196 கோடிக்கும் கீழே போனது.

நிதியமைச்சகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு துறைக்கும் தனி அட்டவணை இருக்கிறது. ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானது என்று மூன்றும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஜமாஅத்தில் கணக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்தால் அரை மணி நேர வேலைதான். முதலில் கடைசியாகச் சொன்ன தொகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.