வேறுபாடா, குறைபாடா? அமெரிக்கப் பேச்சு-மொழி நோயியல் ஆய்வில் கிளைமொழி பெற்ற இடம்

முன்னுரை

ஒரு குழந்தை பள்ளியின் எதிர்பார்ப்பிலிருந்து மாறுபட்டுப் பேசும்பொழுது, அம்மாறுபாடு அக்குழந்தையின் சமூகக் கிளைமொழியால் விளைந்ததா, மொழி வளர்ச்சியில் நேர்ந்த குறைபாட்டால் விளைந்ததா என்னும் வினா எழுகிறது. விடை பிறழுமாயின், நலமுடைய குழந்தை சிறப்புக் கல்வி வகுப்பிற்கு அனுப்பப்படலாம். உதவி தேவைப்படும் குழந்தை கவனிப்பாரின்றி விடப்படலாம். பேச்சு-மொழி நோயியல் துறை இவ்வினாவை எதிர்கொண்ட வரலாற்றை, ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பற்றாக்குறைக் கொள்கையும் அதன் மறுப்பும்

அமெரிக்காவில் இத்துறைக்கான அமைப்பு 1925ஆம் ஆண்டில் தோன்றியபொழுது, அது பேச்சுத் திருத்தக் கழகம் என்னும் பொருள்படும் பெயரையே தாங்கியிருந்தது. திருத்துவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். பொதுத்தர ஆங்கிலமே அவ்வளவுகோலாகக் கொள்ளப்பட்டது. 1959இல் வெளிவந்து பரவலாகப் பயன்பட்ட பீபடி படச் சொல்வளத் தேர்வின் மதிப்பீட்டு அளவுகள், நாஷ்வில் வட்டாரத்து வெள்ளையினத்தவரை மட்டுமே கொண்டு வகுக்கப்பட்டிருந்தன. அவ்வளவுகளைக் கொண்டே பிற இனக் குழந்தைகளும் மதிப்பிடப்பட்டனர்.

1966இல் பெரைட்டர், எங்கெல்மன் ஆகிய இருவரும் எழுதிய முன்பள்ளிக் கல்வி நூல், வறிய குழந்தைகளின் மொழியைத் தருக்க ஒழுங்கற்ற வெளிப்பாடாகக் கருதியது. இக்கருத்தை வில்லியம் லபாவ் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் வன்மையாக மறுத்தார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அவர் குழுவினர் நடத்திய கள ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. முறைசார்ந்த நேர்காணலில் ஓரிரு சொற்களில் விடையிறுத்த எட்டு வயதுச் சிறுவன், உருளைக்கிழங்கு வறுவலும் உற்ற நண்பனும் உடனிருக்க, நேர்காண்பவரும் தரையில் அமர்ந்து உரையாடியபொழுது தடையின்றிப் பேசினான். மொழி வறுமை என்று பதிவானது தேர்வுச் சூழலின் விளைவே என்பதை இது உணர்த்திற்று. மேலும், இணைப்பு வினை மறைதல், படர்க்கை ஒருமை விகுதி இன்மை போன்றவை விதிகளுக்கு உட்பட்டே நிகழ்கின்றன என்பதையும் சமூக மொழியியலார் நிறுவினர்.

நீதிமன்றமும் தொழிற்கழகமும்

ஆய்வுலகில் நிகழ்ந்த இம்மாற்றம் வகுப்பறையை எளிதில் எட்டவில்லை. 1977இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப் பள்ளியில் பயின்ற கறுப்பினக் குழந்தைகளின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. மொழியியலார் ஜெனீவா ஸ்மித்தர்மன், லபாவ் முதலியோர் சான்றளித்தனர். 1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர், 1974ஆம் ஆண்டின் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தின் அடிப்படையில் தீர்ப்பு வழங்கினார். குழந்தைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் கருத்திற்கொள்ளாமையே தடையாகின்றது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வழக்கை இனங்கண்டு வாசிப்பு கற்பிக்க ஆசிரியர்களுக்கு உதவும் திட்டத்தை 30 நாள்களுக்குள் அளிக்குமாறு பள்ளி வாரியம் பணிக்கப்பட்டது.

1983இல் அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் கழகம் சமூகக் கிளைமொழிகள் பற்றிய தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. ஆங்கிலத்தின் எந்தக் கிளைமொழியும் நோயோ குறைபாடோ ஆகாது என்று அது அறிவித்தது. பொதுத்தர ஆங்கிலத்தைக் கற்க விரும்பிவரும் கிளைமொழியாளருக்குத் துறையினர் உதவலாம் என்றும் கூறியது. இவ்விரண்டாம் கூற்றில் அப்பணி சிகிச்சையினின்று வேறுபடுத்தப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது.

கொள்கையிலிருந்து கருவிக்கு

எனினும் நடைமுறைச் சிக்கல் ஒன்று எஞ்சியது. படர்க்கை ஒருமை விகுதியை விட்டுப் பேசுதல் ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தின் இயல்பு. பொதுத்தர ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடத்தில் அதுவே மொழிக் குறைபாட்டின் அறிகுறியாகவும் கொள்ளப்படுகிறது. எல்லாவற்றையும் குறையெனக் கொண்டால் மிகைக் கண்டறிதலும், எல்லாவற்றையும் கிளைமொழியெனக் கொண்டால் குறைக் கண்டறிதலும் நேரும். பின்னது முன்னதினும் சிறிய தீங்கு என்று சொல்லவியலாது.

இதற்குத் தீர்வாக ஹாரி செய்மரும் உடனாய்வாளரும் 1998இல் ஒரு வழியை முன்வைத்தனர். இரு வழக்குகளும் வேறுபடும் கூறுகளை விடுத்து, கலவை வாக்கிய அமைப்பைப் போன்று இரண்டிற்கும் பொதுவான கூறுகளில் குழந்தையின் திறனை நோக்குதல் என்பதே அது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்மர், தாமஸ் ரோப்பர், ஜில் டி விலியர்ஸ் ஆகியோர் உருவாக்கிய மொழி வேறுபாட்டு மதிப்பீட்டுக் கருவி 2003இலும் 2005இலும் இரு வடிவங்களாக வெளிவந்தது. அதன் கண்டறி வடிவம், குழந்தை எவ்வழக்கைப் பேசுகிறது என்பதை ஒரு பகுதியிலும், குறைபாட்டிற்கான வாய்ப்பை மற்றொரு பகுதியிலும் தனித்தனியே அளவிடுகிறது.

இக்காலத்தே ஜானிஸ் ஜாக்சன் நடத்திய சோதனையும் பயனுடையது. நோயுற்றுப் படுத்திருக்கும் குக்கீ மான்ஸ்டரையும், பிஸ்கட் உண்ணும் எல்மோவையும் படத்தில் காட்டி, 'பி ஈட்டிங்' என்னும் தொடரால் உண்பவர் யார் என்று வினவியபொழுது, ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலம் பேசும் குழந்தைகள் குக்கீ மான்ஸ்டரையே மிகுதியும் சுட்டினர். வழக்கமாக உண்பவர் அவரல்லவா? பொதுத்தர ஆங்கிலத்தில் தனிச்சொல்லால் உணர்த்த வேண்டிய வழக்கப் பொருளை அவர்கள் வினையமைப்பிலேயே அறிந்திருந்தனர்.

அண்மைக் காலத்தில், 2016இல் ஜானா ஓட்டிங்கும் உடனாய்வாளரும் வினாவின் அமைப்பையே மாற்றினர். கிளைமொழியா குறைபாடா என வினவுவதைவிட, கிளைமொழிக்குள் குறைபாடு எவ்வாறு வெளிப்படுகிறது என வினவுதலே தகும் என்பது அவர்தம் கருத்து. அதன்படி குழந்தையை அதே வழக்கைப் பேசும் ஒத்த வயதினரோடு ஒப்பிடுதல் வேண்டும்.

நிறைவுரை

இவ்வரலாறு தமிழாசிரியர்க்கும் உரியதே. திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்றது தொல்காப்பியம். 2005இல் சிங்கப்பூரின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவும் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. ஆயினும், 'பழம்' என்பதைப் 'பளம்' என்று ஒலிக்கும் மாணவனை உச்சரிப்புக் குறையுடையவனாகக் கொள்ளும் போக்கு எளிதில் நிகழக்கூடியது. அவன் இல்லத்தார் அனைவரும் அவ்வாறே ஒலிப்பாராயின் அது வழக்கு. எழுத்துத்தமிழின் ஒலிப்பை அவனுக்குக் கற்பித்தல் ஆசிரியர் கடமை. அதற்குச் சிகிச்சை தேவையில்லை. அவனோடு ஒத்த இல்லச் சூழலில் வளர்ந்த பிள்ளைகள் இயல்பாக அமைக்கும் வாக்கியங்களை அவனால் அமைக்க இயலவில்லையெனில், வழக்கு என்று அமைதி கொள்ளாது வல்லுநரை நாடுதல் வேண்டும். ஒரு குழந்தையை மதிப்பிடும் முன் அதனை எவரோடு ஒப்பிடுகிறோம் என்று ஆராய்தல், வல்லுநர்க்கும் ஆசிரியர்க்கும் பொதுவான முதற்பணியாகும்.